சுத்தமான மண்டை

குதிகால் வலி காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. பாதத்தைத் தரையில் வைத்தால் உடைந்த ஓட்டுத் துண்டை மிதித்த மாதிரி இருந்தது. லாரி எடை மேடையில் பதினைந்து வருடம் நின்ற கால். அந்த வேலை போய் ஒன்பது வருடம் ஆகியும் வலி மட்டும் ராஜினாமா கொடுக்கவில்லை. தராசு என்ற பட்டப்பெயரும் அப்படித்தான். துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் எல்லோருக்கும் அவள் தராசுதான்.

"அக்கா, நொண்டுறதா இருந்தா ஒரே கால்ல நொண்டுங்க," என்றான் மீட்டர். "மாத்தி மாத்தி நொண்டினா பின்னாடி வர்றவனுக்கு எந்தப் பக்கம் ஒதுங்குறதுன்னு தெரியல."

"நீ முன்னாடி நட."

"முன்னாடி போனா நான்தான் துப்பறியிறேன்னு நினைச்சு அடி எனக்கு விழும்."

மீட்டர் அவளுடைய உதவியாள். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படித்தவன். முப்பத்திரண்டு வயது, தடித்த மூக்குக்கண்ணாடி. வாயை மட்டும் மூடத் தெரியாது.

கேஸ் சிக்கலானது இல்லை. அதுதான் சிக்கல். தானியக் கிடங்கில் மூட்டை தூக்கும் பதினோரு பேரில் ஒருவனை நெட்டை என்பார்கள். ஆறு நாள் முன்பு, மத்தியானம், லாரிக்குப் போட்ட பலகையில் ஏறப்போனவன் அப்படியே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கூட வேலை செய்யும் கடப்பாரை என்பவன் அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான். எல்லோரும் பார்த்தார்கள். நெட்டை எழுந்தான், இரண்டு மூட்டை சுமந்தான், மூன்றாவது மூட்டையோடு விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பிணத்தை.

கடப்பாரை லாக்கப்பில் இருந்தான். மறுநாள் காலை கோர்ட். கொலைக் குற்றம். கடப்பாரையின் தம்பி அதே கிடங்கில் குமாஸ்தா. அவன்தான் அழுதபடி வந்து தராசிடம் கேஸைக் கொடுத்தவன்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் அன்று காலை அவளிடம் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்.

"வெளியில ஒரு கீறல் இல்லம்மா. ரத்தம் மூளைக்குள்ள, நல்ல ஆழத்துல கொட்டியிருக்கு. இந்த வயசுல அங்க கொட்டினா, பிறவியிலேயே ரத்தக்குழாய் சிக்கு விழுந்திருந்து அது வெடிச்சிருக்கும்னுதான் முதல்ல நினைப்போம். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்."

"ஏன் எழுதல?"

"போன வருஷம் கம்பெனியே அவன் மண்டையை ஸ்கேன் எடுத்து வச்சிருக்கே. மருந்து ஏத்தி எடுத்த ஸ்கேன். சிக்கு இருந்தா அதுல தெரியும். இவனுக்குச் சுத்தமான மண்டை. சிக்கு இல்லைன்னா மிச்சம் என்ன? அறைதானே?"

ஆக, கடப்பாரையைச் சிறைக்கு அனுப்பப்போவது அவன் கை அல்ல. ஒரு காகிதம்.

சாக்குத் தைக்கும் கொட்டகையில் நாற்பது பெண்கள் தூசியில் உட்கார்ந்திருந்தார்கள். நெட்டையின் மனைவி ஓரத்தில் இருந்தாள். புருஷன் செத்த ஆறாம் நாள். மடியில் கிழிந்த சாக்கு, கையில் கோணி ஊசி. தராசு பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு சாக்கை இழுத்துப் பிடித்துக் கொடுத்தாள். அவள் நிமிர்ந்து பார்க்காமல் தைத்தாள்.

"அடிச்சவன் ஆளுங்களா நீங்க?"

"அவன் தம்பி அனுப்பினான்."

"அப்ப கேட்டுக்கங்க. அவன் சாகணும். அவ்ளோதான் எனக்கு வேணும்."

"சரி. அவருக்குத் தலைவலி இருந்துச்சா?"

ஊசி ஒரு நொடி நின்றது. "எட்டு மாசமா. ஒரு காதுக்குள்ள மோட்டார் ஓடுற சத்தம் கேக்குதும்பாரு. என் காதை இழுத்து அவரு காதோட ஒட்டி வச்சு, கேளுடி கேளுடிம்பாரு. எனக்கு எங்க கேக்கும். ரெண்டு தடவை கை தானா உதறுச்சு. தட்டு பறந்து போய் விழுந்துச்சு."

"டாக்டர்கிட்ட போகலையா?"

"எதுக்கு? அதான் கம்பெனி மெஷின்லயே பாத்தாச்சே. அந்தப் பேப்பரைச் சட்டைப் பையிலயே வச்சிருப்பாரு. வலிக்குதுன்னு படுத்தா நான்தான் அதை எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டுவேன். உள்ள ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கு, எந்திரி, வேலைக்குப் போன்னு நான்தான் எழுப்பி விடுவேன்." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அன்னிக்கும் நான்தான் எழுப்பினேன்."

மீட்டர் எதையோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடினான். அது அதிசயம்.

"அந்த மெஷின் எப்படி இருந்துச்சுன்னு சொன்னாரா?" என்றாள் தராசு.

"சொன்னாரே. மோவாயை ஒரு தட்டுல வைக்கணுமாம். நெத்தியை ஒரு பட்டையில ஒட்டணுமாம். உள்ள பாத்தா நீளமா ஒரு ரோடு, கடைசியில சிவப்புக் கூரை போட்ட ஒரு வீடு. முதல்ல மங்கலா இருக்குமாம், அப்புறம் பளிச்சுன்னு ஆகுமாம். என் மண்டைக்குள்ள என்ன அழகா ஒரு வீடு இருக்கு பாருடான்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிச் சிரிப்பாரு. வாடகை வீட்டுல இருக்கிறவருக்கு மண்டைக்குள்ளயாவது சொந்த வீடு இருக்கேன்னு நானும் சிரிச்சேன்."

தராசு பிடித்திருந்த சாக்கை மெல்லக் கீழே வைத்தாள்.

வெளியே வந்ததும் மீட்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான்.

"அக்கா, அந்த வீட்டுக்கு நான் வருஷத்துக்கு ஒரு தடவை போயிட்டு வர்றேன்."

"தெரியும்."

"கண்ணாடிக் கடையில. கண்ணுல பவர் எவ்ளோன்னு பாக்குற மெஷின் அது. மண்டையை ஸ்கேன் எடுக்கணும்னா படுக்கப் போட்டு உருளைக்குள்ள தள்ளுவான். அங்க ரோடும் கிடையாது, வீடும் கிடையாது."

"அப்ப நெட்டை பேர்ல உருளைக்குள்ள போனது யாரு?"

"அதைக் கண்டுபிடிச்சா கேஸ் முடிஞ்சுது."

"ஆரம்பிக்கும்," என்றாள் தராசு.

ஸ்கேன் மையத்தில் குளிரூட்டி போட்டிருந்தார்கள். தராசின் குதிகாலுக்கு அது இன்னும் மோசம். படம் எடுப்பவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடப்பாரையின் வக்கீல் கொடுத்த கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுப் பதிவேட்டை எடுத்துப் போட்டான்.

"கிடங்குக்காரங்க பதினோரு பேர். இன்சூரன்ஸ்காரன் கேட்டான்னு கம்பெனி அனுப்புச்சு. தலையில பாரம் தூக்குறவனுக்குத் தலையைப் பாக்கணுமாம். மாசம் பூரா வந்தாங்க, வாரத்துக்கு மூணு பேரா."

"முகம் ஞாபகம் இருக்கா?"

"நான் மண்டைக்குள்ள பாக்குறவன். மூஞ்சி பாக்க எனக்கு யாரும் சம்பளம் கொடுக்கல."

தராசு பதிவேட்டில் விரலை ஓட்டினாள். பெயரையோ வயதையோ பார்க்கவில்லை. பழக்க தோஷம், எடைக் கட்டத்துக்குப் போனாள். ஊசி மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் ஒவ்வொருவரையும் நிறுத்து எழுதியிருந்தார்கள். நெட்டைக்கு ஐம்பத்தெட்டு.

அவள் பையிலிருந்து பிரேதப் பரிசோதனைத் தாளை எடுத்தாள். நெட்டையின் பிணம் எண்பத்தொரு கிலோ.

"செத்ததுக்கு அப்புறம் இருபத்திமூணு கிலோ ஏறியிருக்காரு," என்றான் மீட்டர். "நல்ல சாப்பாடு போல."

"அடுத்ததைப் படி."

மீட்டர் படித்தான். கடப்பாரை, ஐம்பத்தெட்டு. அடுத்தவன் ஐம்பத்தெட்டரை. அடுத்தவன் ஐம்பத்தெட்டு. பதினோரு வரி. குரல் வரவர இறங்கியது.

"எல்லாரையும் ஒரே அச்சுல வார்த்திருக்காங்க அக்கா."

"மூட்டை தூக்குறவங்கள்ல ஐம்பத்தெட்டு கிலோ ஆளை நான் பாத்ததே இல்ல. மூட்டையே அதை விடக் கனம்." அவள் படம் எடுப்பவனைப் பார்த்தாள். "பதினோரு படத்தையும் வரிசையாப் போடுங்க தம்பி."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு திரையில் போட்டான். பதினோரு மண்டைகள். ஒவ்வொன்றிலும், கீழே இடது பக்கம், வெள்ளைக் கோடுகள் நட்சத்திரம் மாதிரி சிதறியிருந்தன.

"அது என்ன?"

"கடைவாய்ப் பல்லுக்கு உலோக உறை போட்டிருந்தா அப்படித்தான் கோடு அடிக்கும்." சொல்லிவிட்டு அவன் அடுத்த படத்தைப் பார்த்தான். அதற்கு அடுத்ததை. டப்பாவை மூடி வைத்தான்.

"பதினோரு பேருக்கும் ஒரே பல்லுல உறை," என்றான் மீட்டர். "ஒரே பல் டாக்டர்கிட்ட சங்கம் சேர்ந்து போயிருப்பாங்க."

"இல்ல," என்றான் படம் எடுப்பவன். "இது ஒரே மண்டை."

தராசு பதிவேட்டை மூடிவைத்தாள். பிறகு கேட்டாள். "நெட்டைக்கு அந்தச் சிக்கு இருந்திருந்தா, இங்க அவரே வந்து படுத்திருந்தா?"

"பாத்தவுடனே சொல்லியிருப்பேன். நூல்கண்டு சிக்குப்பிடிச்ச மாதிரி இருக்கும். சாதாரணமா பெரிய குழாய்ல வர்ற ரத்தம் சின்னச் சின்னக் குழாயாப் பிரிஞ்சு, வேகம் குறைஞ்சுதான் அந்தப் பக்கம் போகும். சிக்கு இருந்தா நடுவுல அந்தச் சின்னக் குழாய் இருக்காது. முழு வேகமும் நேரா மெல்லிசுக் குழாய்ல போய் இடிக்கும்."

"மெயின் லைனை நேரா வீட்டு பல்புக்குக் கொடுத்த மாதிரி," என்றான் மீட்டர்.

"அதேதான். சில பேருக்கு எண்பது வயசு வரைக்கும் ஒண்ணும் ஆகாது. சில பேருக்குப் பாரம் தூக்காமலேயே, தூங்கும்போதே போயிடும். ஆனா முன்னாடியே தெரிஞ்சா அடைக்கலாம், வெட்டி எடுக்கலாம். தலையில மூட்டை ஏத்தாதேன்னாவது சொல்லலாம்." அவன் மறுபடி திரையைப் பார்த்தான். "ஒரே ஆளுக்கா பதினோரு தடவை மருந்து ஏத்தினேன்? அவனுக்குக் கிட்னி மிச்சம் இருக்கா?"

"போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள் தராசு.

கிடங்கில் லாரி ஏறிக்கொண்டிருந்தது. சும்மாட்டுத் துணியைத் தலையில் சுருட்டி வைத்துக்கொண்டு ஒன்பது பேர் மூட்டையோடு பலகையில் ஏறினார்கள், இறங்கினார்கள். இரண்டு ஆள் குறைந்ததற்காக வேகம் குறையவில்லை. மேஸ்திரி விசிலை வாயிலிருந்து எடுக்காமல் நின்றார்.

குமாஸ்தாவின் அறை கண்ணாடி போட்டது. ஒரு மேஜை, ஒரு சுழல் நாற்காலி. வாசல்படிக்கு முன்னால் தரையோடு தரையாக மூட்டை நிறுக்கும் மேடை. தராசைப் பார்த்ததும் குமாஸ்தா எழுந்து வெளியே ஓடிவந்தான். அவள் அவனை அங்கேயே நிறுத்தினாள்.

"மேடம், ஏதாவது கிடைச்சுதா? நெட்டை குடிகாரன்னு யாராவது சொன்னாங்களா?"

"குடிக்கவே மாட்டான்னு சொன்னாங்க."

"அப்ப எங்க அண்ணன்..."

"ஐம்பத்தெட்டு புள்ளி நாலு," என்றான் மீட்டர். அவன் சுவரில் எரிந்த சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ரீடிங் எடுத்தாச்சு அக்கா."

குமாஸ்தா குனிந்து தன் காலைப் பார்த்தான். மேடையிலிருந்து ஒதுங்கினான். எண் பூஜ்யமானது.

"நீங்க எந்தப் பக்கமா மென்னு சாப்பிடுவீங்க?" என்றாள் தராசு.

"என்ன மேடம்?"

"வலது பக்கமா, இடது பக்கமா?"

அவன் கை தானாக இடது தாடைக்குப் போனது.

"வாயைத் திறக்க வேண்டாம். அந்தப் பல்லைப் பதினோரு தடவை பாத்துட்டுத்தான் வர்றேன்."

அவன் வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். முகத்தில் முதலில் வந்தது பயம். பிறகு ஒருவிதமான களைப்பு. ஒரு வருடமாகப் பிடித்திருந்த மூச்சை விட்டவன் போலப் பேசினான்.

"சீசன் மேடம். ஒரு ஆளை அனுப்பினா ஒரு நாள் வேலை போகும், பதினோரு பேருக்குப் பதினோரு நாள் போகும்னு மேஸ்திரி சொன்னாரு. அதுல எவனுக்காவது கோளாறுன்னு வந்தா ஆளும் போகும். நான் அப்ப தரையில சிந்துன தானியத்தைக் கூட்டிக்கிட்டு இருந்தேன். எனக்கு என்ன, படுத்து எந்திரிக்கிறதுதானே. இந்த நாற்காலியைத் தர்றேன்னாரு."

"அவங்களை எப்படி நம்ப வச்சீங்க?"

"கண்ணு பாக்குற வேன் ஒண்ணு அந்தச் சமயம் இங்க வந்திருந்துச்சு. அதுதான் மண்டை மெஷின்னு சொல்லி வரிசையில நிக்க வச்சோம். எல்லாருக்கும் பேப்பர் நான்தான் கொடுத்தேன். எங்க அண்ணன் உட்பட."

"நேத்து லாக்கப்புல உங்க அண்ணனைப் பாத்தேன். அறையும்போது என்ன சொன்னீங்கன்னு கேட்டேன். தெரியுமா உனக்கு?" தராசு இப்போது 'நீ'க்கு வந்திருந்தாள். "நெட்டை தலை வலிக்குதுன்னு சொல்லியிருக்கான். உன் அண்ணன், 'என் தம்பி கொடுத்த பேப்பர்லயே உன் மண்டையில ஒண்ணுமில்லைன்னு இருக்கு, எவன்கிட்ட நடிக்கிற'ன்னு சொல்லிட்டு அறைஞ்சிருக்காரு."

குமாஸ்தா உதட்டைக் கடித்தான்.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு என்கிட்ட எதுக்கு வந்த?"

"அண்ணன் வெளிய வரணும் மேடம்."

"நீ உள்ள போகாம."

"ஆமா."

அவன் இதுவரை அவளிடம் சொன்னதில் அந்த ஒரு வார்த்தையில்தான் கலப்படம் இல்லை.

மேஸ்திரி விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். கொஞ்சமும் பதறவில்லை.

"என்னம்மா பெரிய விசாரணை? மூட்டை தூக்குறவன் மண்டை என்னிக்கோ ஒரு நாள் போகத்தான் போகுது. இடுப்பு போகும், முட்டி போகும், இவனுக்கு மண்டை போயிருக்கு." குமாஸ்தாவின் பக்கம் திரும்பினார். "எழுதிக் கொடுக்கிறதா இருந்தா கொடுடா. பதினோரு இடத்துலயும் கையெழுத்து உன்னோடது. படுத்ததும் நீ. நான் எங்கயாவது படுத்தேனா?"

"நீங்கதானே சொன்னீங்க..."

"சொன்னதுக்குப் படம் எடுத்து வச்சிருக்கியா?"

குமாஸ்தா நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான். அதன் சாய்மானத்தில் அவன் துண்டு தொங்கியது. அவன் கண்ணில் கணக்கு ஓடுவதைத் தராசு பார்த்தாள். அண்ணன் அறைந்தது உண்மை. எல்லோரும் பார்த்தது உண்மை. வக்கீல் வாதாடினால் வருடம் குறையலாம். வாயை மூடினால் இந்த அறை அவனுக்கு இருக்கும்.

"சரி," என்றாள் தராசு. "நாங்க கிளம்புறோம். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். உன் அண்ணன் நேத்து என்கிட்ட ஒரு தலைவலி மாத்திரை கேட்டாரு. ரெண்டு நாளா ஒரு பக்கமா வலிக்குதாம். காதுல ஏதோ ஓடுற மாதிரி இருக்காம்."

குமாஸ்தா வாசல் சட்டத்திலிருந்து கையை எடுத்தான்.

"எல்லாருக்கும்தான் தலை வலிக்கும். உள்ள ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. லாக்கப்புல இருக்கிற போலீஸ்காரன் அவர் ஃபைலைத்தான் பார்ப்பான். அதுல மண்டை சுத்தம்னு இருக்கும். உன் மண்டை."

 குமாஸ்தா அறைக்குள் போனான். நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்து எழுத ஆரம்பித்தான்.

"டேய், யோசிச்சு எழுது," என்றார் மேஸ்திரி.

"யோசிச்சா எழுத மாட்டேன்ணே," என்றான் அவன்.

ஒன்றரைப் பக்கம் எழுதினான். பதினோரு தேதிகளையும் அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. கையெழுத்துப் போட்டுத் தராசிடம் நீட்டினான். "எங்க அண்ணனை இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க மேடம்," என்றான். அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள். மீட்டர் அதற்குள் அதைப் போனில் படம் எடுத்து வக்கீலுக்கு அனுப்பியிருந்தான். பிரேதப் பரிசோதனை டாக்டர் மூளைத் துண்டைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார், மறுபடி பார்க்க அவருக்கு இந்த ஒரு தாள் போதும். நாளைக் காலை கோர்ட்டில் கடப்பாரை கொலைகாரன் அல்ல. ஒரு அறை விட்டவன், அவ்வளவுதான். அவன் இடத்துக்கு அவன் தம்பி போவான்.

அறையை விட்டு நாலு எட்டு வந்ததும் மீட்டர் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, நேத்து லாக்கப்புல நானும் கூடத்தானே நின்னேன்."

"ஆமா."

"கடப்பாரை தலைவலின்னு ஒரு வார்த்தை சொல்லலையே. சோறு சரியா போட மாட்டேங்கிறாங்கன்னுதான் சொன்னாரு."

"ஆமா."

"காதுல ஓடுறது?"

"அது நெட்டையோட காது."

மீட்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். "உங்க கூடப் பொறந்தவனா இல்லாம போனேனேன்னு சில சமயம் வருத்தமா இருக்கும். இன்னிக்கு இல்ல."

 அவள் பலகையிலிருந்து இறங்கி வந்த ஒருவனை வழிமறித்தாள். நரைத்த மீசை, ஐம்பது வயது இருக்கும். சும்மாட்டுத் துணியை எடுத்து முகம் துடைத்தான்.

"அண்ணே, போன வருஷம் உங்களுக்கு மண்டையைப் பாத்ததா சொன்னது பொய். அது கண்ணு பாக்குற மெஷின். உங்க யாரையும் ஸ்கேன் எடுக்கல."

அவன் அவளைப் பார்த்தான், மேஸ்திரியைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். விஷயம் அவனுக்கு முழுசாகப் புரிந்தது, அது முகத்தில் தெரிந்தது.

"அப்ப எடுத்தா வேலை போயிடுமா?"

"கோளாறு இருந்தா மூட்டை தூக்க விட மாட்டாங்க."

"மத்தவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதீங்கம்மா," என்றான் அவன், துணியை மறுபடி சுருட்டித் தலையில் வைத்தபடி. "சீசன் முடியட்டும்."

விசில் ஊதியது. அவன் மூட்டைக்குக் குனிந்தான். பலகையில் ஒன்பது பேர், லாக்கப்பில் ஒருவன். பத்துப் பேருக்கும் ஆளுக்கு ஒரு ஸ்கேன் பாக்கி.